சிவப்பு வரக்கூடாது

முப்பது என்றுதான் போட்டிருக்கிறேன். திரும்பக் கேட்டாலும் முப்பது என்றுதான் சொல்கிறது, கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை. முப்பது விநாடி சும்மா இருந்தால் எழுந்து வெளியே போ. இதைவிடத் தெளிவாக ஒரு சர்வரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் திரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் எல்லாரும், துடியலூர் கிளை, சூலூர் கிளை, அன்னூர் கிளை, கம்ப்யூட்டரை அணைக்காமலே நேற்றுச் சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுப் போன பல்லடம் கிளைகூட. தூங்குகிறது, தூங்குகிறது, தூங்குகிறது என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எழுதியிருக்கிறது, ஒருத்தர் எழுந்திருப்பதாக இல்லை. எங்கள் கம்பெனி பார்த்துக்கொள்வது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சர்வரை. கோயம்புத்தூரைச் சுற்றி ஊருக்கு ஊர் கிளை. ஒவ்வொரு கிளையும் வந்து இதில் சில இணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும், மொத்தம் இவ்வளவுதான் இடம் என்று ஒரு கணக்கு உண்டு. மத்தியான நேரத்தில் மெஸ்ஸில் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்களே, அந்தக் கதைதான். சாப்பிட்டவன் எழுந்தால் நிற்பவனுக்கு இடம். எழாதவனை எழுப்பத்தான் இந்த முப்பது. நிற்பவனுக்கும் ஒரு கெடு வைத்திருக்கிறேன், கொஞ்ச நேரத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடு என்று. அதையும் செய்யவில்லை. இல்லை என்று சொல்லக்கூடத் தெரியாத ஒரு சர்வர். தெரியாதா, சொல்ல மனசில்லையா? சர்வருக்கு ஏது மனசு, எனக்குத்தான் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, ஒரு ஃபில்டர் காபியோடு சரி. மகள் தாரிகாவின் போட்டோவை அவள் அப்பாவுக்கு இன்னும் அனுப்பவில்லை. எடுத்தாயிற்று, பள்ளிக்கூட கேட்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்து தொங்க நிற்கிறாள், எடுத்த கையோடு ஆபீஸிலிருந்து போன் வந்துவிட்டது. அனுப்ப வேண்டும். அப்புறம். முதலில் இது ஏன் கேட்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

போன் மறுபடி அடிக்கிறது. மரகதம். சூலூர் கிளையில் ரத்தம் எடுக்கும் பெண், முகம் பார்த்ததில்லை, குரலை மட்டும் மூன்று வருஷமாகத் தெரியும். "மேடம், மரகதம் பேசறனுங்க. திரையில சக்கரம் இன்னும் சுத்திட்டேதான் இருக்குதுங்க." பாத்துட்டிருக்கேன் மரகதம் என்கிறேன். "சக்கரை ஆளுக எல்லாம் வெறும் வயித்துல வந்து நிக்கறாங்க மேடம். ஒரு பெரியவரு மயக்கம் வர்ற மாதிரி இருக்குதுன்னு செவுத்தப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. பேரப் போட்டு ஸ்டிக்கர் எடுக்காம நான் ஊசி போட முடியாதுங்க, டியூப் மாறிப்போயிரும்." தெரியும் மரகதம், ஒரு பத்து நிமிஷம். "பத்து நிமிஷம்னு முன்னாலயும் சொன்னீங்க. நான் உங்களக் குத்தம் சொல்லலைங்க. வருதா, வரலையா, ரெண்டுல ஒண்ணு காமிச்சாப் போதுமுங்க. வரலைன்னா நான் பாட்டுக்குக் கையில எழுதி ஒட்டி ரத்தத்த எடுத்துருவேன். இது ஆமான்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம சுத்துனா, இந்தா வந்துரும் இந்தா வந்துரும்னு நானும் அதையே பாத்துட்டு நிக்கறேன்." வைத்துவிட்டாள். இந்தா வந்துரும். நான்கு வருஷமாக நான் தாரிகாவிடம் சொல்கிற வார்த்தை. இந்தா வந்துருவாங்க அப்பா. ச்சே, வேலை நேரத்தில் இது எதற்கு. இரண்டையும் முடிச்சுப் போடுகிற புத்தி எனக்குப் பிடிக்காது, சர்வரைப் பார்த்து வாழ்க்கைப் பாடம் கற்றேன் என்று படத்தோடு எழுதிப் போடுகிறவர்களைக் கண்டாலே எரிச்சல். ஆனால் கட்டைவிரல் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. போனில் வந்த மஞ்சள் கட்டைவிரல். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எழுதினேன், யோசித்து, அழித்து, திருத்தி, பாப்பாவின் அப்பாவுக்கு ஏதோ அரசாங்கத்துக்கு மனுப் போடுகிற மாதிரி. ஆபீஸ்ல பெங்களூருக்கு வரச் சொல்றாங்க, நீங்க இந்த வருஷம் வந்துருவீங்களா, இல்ல நான் பாப்பாவக் கூட்டிட்டுப் போயிறட்டுமா, புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதற்கு வந்தது கட்டைவிரல். எதற்கு? வருகிறேன் என்பதற்கா, போ என்பதற்கா, புதன்கிழமை என்பதற்கா? இதுவா அதுவா என்று கேட்ட கேள்விக்கு ஒரு மனுஷன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் அதை எந்தச் சுவரில் மாட்டுவது? இன்றைக்குப் புதன்கிழமை.

பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று பெங்களூரிலிருந்து ஸ்ரீவத்சன் காலையிலேயே மெயில் போட்டுவிட்டார். மரியாதையான மனிதர், என் மேலாளர், ஆனால் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, பிறகு அந்த இடம் வேறு ஆளுக்கு. சர்வரை நிறுத்தி மறுபடி ஏற்றியாயிற்று, காலையில் வந்ததும் அதைத்தான் செய்தேன். எல்லாரையும் வெளியே தள்ளியது, கதவு திறந்ததும் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். முப்பதைப் பத்தாக்கிப் பார்க்கலாமா? பத்தாக்கினால் வேலை செய்துகொண்டிருக்கிறவனும் அறுந்து போவான், அறிக்கை அச்சாகிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றால் அந்தத் திட்டு தனி. அவர் வேலைக்கு மஸ்கட் கிளம்பியபோது பீளமேட்டு ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கட்டைவிரலைத்தான் காட்டினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தாரிகாவும் தன் விரலைத் தூக்கினாள், அப்போது அவளுக்குச் சரியாகத் தூக்க வராது, ஆள்காட்டி விரலும் சேர்ந்து எழுந்துவிடும். இரண்டு வருஷம், அவ்வளவுதான் பூங்கொடி என்றார். இரண்டு முடிந்தது. பொங்கலுக்குள் சொல்லுங்க என்றேன், பாக்கலாம் கண்ணு என்றார். பாப்பா பரீட்சை முடியறதுக்குள்ள என்றேன், பாக்கலாம். ஆடி முடியட்டும் என்று அவரே ஒன்று வைத்தார், அதுவும் முடிந்தது. எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன முதல் மாப்பிள்ளை வீட்டார் பாக்கலாங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள், என் அப்பா அந்தப் பாக்கலாங்கவை வைத்துக்கொண்டு வேறு ஜாதகம் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார், அவர்கள் பையனுக்குக் கல்யாணம் ஆன பத்திரிகையை வேறு யாரோ கொண்டுவந்து காட்டும்வரை. அதற்காக அவர்கள்மேல் அப்பாவுக்குக் கோபமும் இல்லை. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்லாம போனாங்களே, அதுவே பெரிய மனுசத்தனம் என்றார். எனக்குத்தான் கோபம். அதன் பிறகு இவர் வந்தார், நல்லசிவம், பார்த்த அன்றே தலையாட்டினார், அந்த ஒரு தலையாட்டலுக்காகவே நான் இவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

முப்பது. இன்னொரு முறை கேட்கிறேன். முப்பது. சரிதான் சாமி, போட்டது முப்பதுதான், நடப்பது என்ன? கீழே இன்னும் மூன்று கெடு இருக்கிறது, படிக்கும்போது எத்தனை நேரம், எழுதும்போது எத்தனை நேரம், மறுமுனையில் ஆள் செத்துப்போனால் எத்தனை நேரம் கழித்து உனக்குத் தெரியும். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாயிற்று. மறுமுனையில் ஆள் இல்லை என்றால்கூட இந்தப் பக்கம் உடனே தெரியாது, அதுதான் இந்த வேலையில் முதலில் கற்றுக்கொண்டது, கம்பி அறுந்தது கம்பிக்குத் தெரியாது, ஏதாவது அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருடைய வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன். போர்ட்டிகோவில் உறை போட்டு நிற்கிறது, அவருடைய பழைய ஸ்ப்ளெண்டர், வாரம் ஒரு முறை உதைத்து ஐந்து நிமிஷம் ஓடவிடாவிட்டால் பேட்டரி போய்விடும் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார். மழையென்றும் காய்ச்சலென்றும் பார்க்காமல் உதைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா மதில்மேலே எட்டிப் பார்த்து, வண்டி சத்தங் கேட்டுச்சு, தம்பி வந்துட்டாப்லயா என்று கேட்பார். இல்லைங்க, சும்மா ஓட்டி வைக்கறேன் என்பேன். சும்மா ஓட்டி வைக்கிறேன். பெங்களூரு போனால் இந்த வண்டியை என்ன செய்வது? வடவள்ளி வீட்டைக் காலி செய்தால் அவர் சட்டைகளை எங்கே வைப்பது? திரும்பி வந்தால் எங்கே வருவார்? இப்படி யோசித்து யோசித்துத்தான் போன வருஷமும் அந்த இடம் வேறொருவனுக்குப் போயிற்று. இந்தப் பாழாய்ப்போன சர்வரை உதைத்தாலாவது எழுந்திருக்குமா?

பல்லடம் கிளை. இன்றைக்கு அங்கே விடுமுறை, கதவு சாத்தியிருக்கிறது, மின்விசிறிகூட ஓடாது, ஒரு ஈ காக்கை கிடையாது, ஆனால் அதன் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் எத்தனை விநாடியாகத் தூங்குகிறது என்று ஓர் எண் ஓடும், காலையிலிருந்து பெயரையே முறைத்துக்கொண்டு எண்ணைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன், கண் இருந்தும் குருடி. பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு, பத்தொன்பது. பூஜ்யம். என்னது? மறுபடி பார்க்கிறேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, பூஜ்யம். அன்னூரைப் பார்க்கிறேன், அதுவும் பத்தொன்பதைத் தாண்டவில்லை. துடியலூரும் தாண்டவில்லை. முப்பதை யாரும் தொடவே இல்லை, தொட்டால்தானே வெளியே தள்ள? சர்வர் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருக்கிறது. தூங்குகிறவனை யாரோ முப்பது ஆவதற்குள் தோளைத் தட்டி எழுப்பிவிட்டுப் போகிறார்கள். சாப்பிட்டு முடித்தவன் எழாமல் இருப்பதற்கு அவ்வப்போது தண்ணீர் டம்ளரைத் தூக்கி உதட்டில் வைத்துக்கொள்வானே, அப்படி. நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். எதிர் வரிசையில் எட்வின் இருக்கிறான், கிளைகளில் ஓடுகிற மென்பொருளை எழுதுகிறவன், காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். எட்வின், உன் புரோகிராம் சும்மா இருக்கும்போது சர்வருக்கு எதையாவது அனுப்புதா? காதிலிருந்ததைக் கழற்றினான். "ஆமாங்க மேடம். இருபது செகண்டுக்கு ஒருக்கா, இருக்கியான்னு ஒண்ணு கேக்கும். இருக்கேன்னு சர்வர் சொல்லும். அவ்ளோதாங்க, வேறொண்ணுமில்ல." எதுக்கு? "நடுவுல கட்டாயிருச்சுன்னு கிளைக்காரங்க சத்தம் போட்டாங்க. அதான் கட்டாகாம இருக்கட்டும்னு போட்டேன்." அப்ப இடம் கிடைக்காம நிக்கறவங்களுக்கு எரர் வரணுமில்ல, அது ஏன் வரல? அவன் கொஞ்சம் நெளிந்தான். "அது வருதுங்க மேடம். நாந்தான் காட்டறதில்ல. எரர் வந்தா கமுக்கமா மறுபடி முயற்சி பண்ணச் சொல்லியிருக்கேன். செகப்பா எழுத்து வந்தாக் கஸ்டமர் பயந்துக்கறாங்க, செகப்பு வரவே கூடாதுன்னு மீட்டிங்ல சொன்னாங்கல்ல, நீங்களும் இருந்தீங்களே." இருந்தேன். நானும் தலையாட்டினேன். சிவப்பு வரக்கூடாது. யாருக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது, முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அந்தச் சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காரட்டும். அடப் பாவிகளா.

இருக்கியான்னு கேக்கறது, எரர மறைக்கறது, ரெண்டையும் எடு என்றேன். "இப்பவேங்களா? செகப்பு வந்துருமுங்க மேடம்." வரட்டும். "ஒருக்கா மேல கேட்டுட்டு..." நான் கேட்டுக்கறேன், நீ எடு. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, இரண்டு வரிசை தள்ளி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவன் தட்டினான், எல்லாக் கிளைக்கும் அது போய்ச் சேர அவகாசம் வேண்டும், நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து எண்களைப் பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்தொன்று. இது நான்தானே ஆசைப்பட்டது, பிறகு எதற்குப் பயம்? இருபத்தேழு. இருபத்தெட்டு. நான் அவரிடம் ஒரு நாளும் எண்ணை இவ்வளவு தூரம் போகவிட்டதில்லையே. நான்கு வருஷமாக ஒரு நாள் தவறாமல் காலையில் கேட்டில் நிறுத்தி ஒரு போட்டோ, மறுமுனையிலிருந்து ஒரு கட்டைவிரல். இருக்கிறாயா, இருக்கிறேன். காய்ச்சலில் தாரிகா படுத்திருந்த அன்றைக்குக்கூடப் போர்வையோடு எடுத்து அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல்தான், என்னாச்சு என்று கேட்கவில்லை, வேலைச் சுமையில் சரியாகப் பார்த்திருக்க மாட்டார் என்று நானே அவருக்காகச் சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். பொங்கல் கெடுவும் பரீட்சைக் கெடுவும் எப்படி வேலை செய்யும்? நான் கெடு வைத்த மறுநாள் காலையில் நானே தோளைத் தட்டி எழுப்பிவிட்டு எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அவர்மேல் இருக்கிற கோபத்தில் பாதியை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? முப்பது. பல்லடம் போயிற்று. பெயர் இருந்த இடம் காலி. அன்னூரில் இரண்டு போயிற்று, துடியலூரில் மூன்று, மளமளவென்று காலியாகிறது, பின்னால் நின்றவர்கள் வந்து உட்காருகிறார்கள், வேலை செய்கிறது, வேலை செய்கிறது, வேலை செய்கிறது என்று எழுதிக்கொண்டே போகிறது. பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. "மேடம், செகப்பா ஏதோ வந்துச்சுங்க, இணைக்க முடியவில்லைன்னு." ஆமா மரகதம், அது நாங்கதான். "வந்தொடனே நான் கையில எழுதி அந்தப் பெரியவருக்கு முதல்ல ரத்தத்த எடுத்துட்டேன். பன்னு வாங்கித் தின்னுட்டு இருக்காரு. இப்பப் பாத்தா கம்ப்யூட்டரும் ஓடுது. இதக் காலையிலயே காமிச்சிருக்கலாமுல்லங்க மேடம்?" காமிச்சிருக்கலாம் மரகதம், தப்புத்தான் என்றேன். "அட, அதுக்கு எதுக்குங்க," என்று வைத்துவிட்டாள்.

பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. போனை மேஜைமேல் மல்லாத்தி வைத்திருக்கிறேன். போட்டோவைத் திறந்தேன், ஷூ லேஸ் அவிழ்ந்து நிற்கிற என் பெண், சிரிக்கும்போது அவர் ஜாடை, மூக்கு மட்டும் என்னுடையது. அனுப்பு என்ற அம்புக்குறிமேல் விரல் போகிறது, இழுத்துக்கொள்கிறேன். அனுப்பாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமல் போனால்? அதுதான் பயம், சண்டை வந்தால்கூடப் பரவாயில்லை, இன்றைக்கு அனுப்பவில்லை என்பதே தெரியாமல் அந்தப் பக்கம் நாள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தால்? ஒரு வாரம் கழித்து ஏதோ ஒரு கட்டைவிரல் வந்தால்? மஸ்கட்டில் இன்னும் பத்தரைகூட ஆகியிருக்காது, டீ குடிக்கிற நேரம், இந்த நேரத்தில்தான் தினமும் பார்ப்பார். பாக்கட்டும். பாக்கலாம். எட்வின் வந்து எட்டிப் பார்த்து, "மேடம், மேல இருந்து போன் வந்துச்சு, செகப்பு ஏன் வருதுன்னு கேக்கறாங்க," என்றான், அஞ்சு நிமிஷத்துல பேசறேன்னு சொல்லு என்றேன். போன் ஒளிர்ந்தது. நல்லசிவம். நெஞ்சு ஒரு முறை நின்று ஓடியது, பொய் சொல்லவில்லை, கல்யாணத்துக்கு முன்னால் அவர் முதல் முறை போன் செய்தபோது இப்படித்தான் இருந்தது. புதன்கிழமை என்று ஞாபகம் வைத்திருக்கிறார், நான் ஒன்றும் அனுப்பாமலே அவராக எழுதியிருக்கிறார், நான்தான் மனுஷனை அவசரப்பட்டு ஏதேதோ நினைத்துவிட்டேன், திறந்தேன். போட்டோ வரலை, என்று இருந்தது. அவ்வளவுதான். மேலே ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி அப்படியே இருக்கிறது, அதன் அடியில் கட்டைவிரல், அதன்பிறகு திங்கள் போட்டோ, கட்டைவிரல், செவ்வாய் போட்டோ, கட்டைவிரல், இப்போது, போட்டோ வரலை. இரண்டு முறை படித்தேன், இரண்டு வார்த்தைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்று. அழுகை வரும் என்று நினைத்தேன், கண் மட்டும் எரிந்தது. கம்ப்யூட்டரில் ஸ்ரீவத்சனின் மெயிலைத் திறந்து, வருகிறேன், மகளுக்கும் அங்கே பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும், என்று எழுதி அனுப்பிவிட்டேன், திருத்தவில்லை. பிறகு போனை எடுத்து, போட்டோ வரலை என்பதற்குக் கீழே ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. உடனே டிக் இரண்டும் நீலமாயிற்று, பார்த்துவிட்டார். டைப் செய்கிறார் என்று மேலே வந்தது, நின்றது, மறுபடி வந்தது, நின்றது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கேன்டீனில் சாப்பாடு தீர்ந்துவிடும். போனை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.